பனிமலையில் இருவர்

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் ரீவி கேமைப் பற்றிக் குடும்பப் பக்கத்தில் எழுதுவதா என்று முகஞ் சுளிக்கும் பெரியோர் சற்றுப் பொறுத்தருள்க. பழைய ஆட்டங்களைத் தூசு தட்டி மீண்டும் விற்கும் வாணிகம் இன்று பெருகிவிட்டது. அதைப் பற்றி நமக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றுட் சில, சென்ற ஆகஸ்ட் மாதத்தில் எம் வீட்டு விறாந்தையிலேயே ஆட்டங் கண்டுவிட்டன.

1996ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்த நாம், வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தோம். மின்விளக்கையே மறந்திருந்த எமக்குத் தந்தையார் புறக்கோட்டையிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்தார். யப்பானிய நின்டென்டோ நிறுவனத்தார் 1983இல் வெளியிட்ட பமிக்கொம் என்னும் பெட்டியின் போலி அது. மஞ்சள் நிறக் கசெற்றின் மேல் 999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தார்கள். எம் தமையனார் ஒருநாள் முழுவதும் இருந்து எண்ணிப் பார்த்ததில், வேறு வேறான ஆட்டங்கள் இருபதுக்கு மேல் இல்லை என்பது தெரியவந்தது. எஞ்சியவை அவற்றின் மறுபிறவிகளே.

அந்த இருபதிலும் நாம் உயிராக நேசித்தது ஐஸ் கிளைம்பர். 1985இல் பிறந்த ஆட்டம். பனியங்கி அணிந்த இருவர் கையிற் சுத்தியலுடன் மலையேறுவர். தலைக்கு மேலுள்ள கட்டிகளை உடைத்து, துவாரத்தினூடே துள்ளி, அடுத்த தட்டுக்குச் செல்லவேண்டும். மலைகள் முப்பத்திரண்டு. இதில் ஒரு கொடிய விதி உண்டு. முந்தியவர் மேலே ஏற ஏறத் திரையும் அவருடன் உயரும். பிந்தியவர் திரையின் கீழ் விளிம்புக்கு அப்பால் அகப்பட்டு ஓர் உயிரை இழப்பார். தமையனாருக்கு அப்போது பதினேழு வயது, எமக்குப் பன்னிரண்டு. யார் முந்தியிருப்பார், யார் கீழே கிடந்து கூக்குரல் இட்டிருப்பார் என்று விளக்கவேண்டியதில்லை. “நீ ஏன் மெல்ல வாறாய்?” என்று எம்மையே குற்றஞ் சாட்டுவார். அவ்வாண்டு வரட்சியினால் மின்வெட்டு வேறு. பத்தாவது மலையில் நிற்கையில் விளக்கணைந்தால் ஆட்டம் அத்துடன் போய்விடும். 1999இல் தமையனார் கனடாவுக்குப் போனார். பெட்டி சில காலம் எம்மிடம் இருந்தது. தனியாக ஆட மனம் வரவில்லை.

அந்த மலையை நின்டென்டோ நிறுவனத்தார் எத்தனை முறை விற்றிருக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 2004இல் கையடக்கக் கருவிக்கு ஒரு கசெற். பின்னர் வீ பெட்டிக்கு இணைய வழியாக. 2016இல் முப்பது ஆட்டங்கள் அடங்கிய சிறு பெட்டியினுள். 2018 முதல் சுவிச் கருவியிற் சந்தா முறையில். வீ பெட்டியின் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அதற்குப் பின் வந்த இரு கருவிகளின் கடைகளும் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. வாங்கினோம் என்று நாம் எண்ணிக்கொண்டது உண்மையில் வாடகையே. 2020 செப்டெம்பரில் மூன்று பழைய மரியோ ஆட்டங்களை ஒருங்கு சேர்த்து வெளியிட்டவர்கள், மறு ஆண்டு மார்ச் 31ஆந் தேதியுடன் விற்பனையை நிறுத்தினார்கள். மாம்பழத்துக்குப் பருவம் உண்டு. ஆட்டத்துக்கும் பருவம் வகுப்பது நமக்குப் பிடிக்கவில்லை.

இவையாவது நற்பேறு பெற்றவை. அமெரிக்காவில் விற்கப்பட்ட பழைய ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கமுடியாத நிலையில் உள்ளன என்று அந்நாட்டு வீடியோ விளையாட்டு வரலாற்று அறநிலையம் 2023இல் ஆராய்ந்து கூறியது. களவாகப் பிரதியெடுத்த எம் மஞ்சட் கசெற்றை நாம் நியாயப்படுத்த வரவில்லை. ஆயினும் அது எவரும் கடை மூடியதனால் மறைந்துபோகவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

சென்ற ஆகஸ்டில் தமையனார் மகனுடன் வந்திருந்தார். பையன் சுவிச் கருவியைத் தொலைக்காட்சியிற் பூட்டி, “சித்தப்பா, உங்கட மலை இதிலை இருக்கு” என்றான். படம் கண்ணாடி போலத் தெளிவாயிருந்தது. தெளிவு மிகுந்ததாலேயே அந்நியமாயும் இருந்தது. பழைய குழாய்த் திரையிற் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாகத் தெரியும். இங்கே ஒவ்வொன்றும் செங்கல் அடுக்கியதுபோல் நின்றது. குழாய்த் திரையைப் போலக் காட்டும் வசதியும் அதில் உண்டு. அதைப் போட்டபின் ஓரளவு மனம் ஆறியது.

“கடல்நாய் எங்கே?” என்று கேட்டோம். துவாரங்களை அடைக்கப் பனிக்கட்டியைத் தள்ளிக்கொண்டு வரும் பிராணி அது. பையன் சிரித்தான்: “கடல்நாயோ? இது பனிமனிசன் மாதிரி ஒண்டு.” எமக்கோ சத்தியஞ் செய்யும் அளவுக்கு நினைவிருந்தது. தமையனாரும் “கடல்நாய்தான்” என்றார். பிறகு தேடிப் பார்த்ததில் இருவரும் சரியென்றே தெரிந்தது. யப்பானியப் பதிப்பிற் கடல்நாய்; மேலைநாடுகளுக்கு அனுப்பியபோது அதை மாற்றிவிட்டார்கள். கடல்நாயைச் சுத்தியலால் அடிப்பது அங்கே உவப்பாயிராது என்பது காரணம் என்பர். புறக்கோட்டைப் போலியில் இருந்தது மூலப் பதிப்பு!

இனி எமக்குப் பெருங் கோபத்தை உண்டாக்கிய விஷயத்துக்கு வருகிறோம். இக்கருவியில், தவறு நேர்ந்தால் இரு பொத்தான்களை அழுத்தி ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். 2019இல் சேர்த்த வசதி. இதனால் ஆட்டம் ஆட்டமாயிராது, எழுதி அழிக்கும் சிலேற்றாகிவிடும் என்பது நம் கட்சி. பத்தாவது மலையில் விரல் நடுங்கியது, ஆட்டம் போய்விடுமே என்ற அச்சத்தினாலன்றோ! தமையனார் மறுத்தார். “உனக்கு நேரம் கிடக்குது. எனக்கு வெள்ளிக்கிழமை விமானம்” என்றார். இதற்கு நாம் விடை சொல்லவில்லை.

இருவரும் ஆடினோம். விரல்கள் பழைய வழியை மறக்கவில்லையாயினும், பக்கவாட்டிற் பாயத் தெரியாத அந்தப் பாழ்ந் துள்ளல் எம்மை இரண்டாவது மலையிலேயே கைவிட்டது. தமையனார் வழக்கம்போல் மேலே போய்விட்டார். திரை உயர்ந்தது; நாம் கீழ் விளிம்பில் மறைந்தோம். “வந்திருக்கலாமே” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடாமல்.

பையன் எட்டி எம் கையிலிருந்ததை வாங்கிப் பொத்தான்களை அழுத்தினான். உடைந்த கட்டிகள் மீண்டும் ஒட்டிக்கொண்டன. மேலே நின்ற தமையனார் மூன்று தட்டுகளையும் பின்புறமாக இறங்கி வந்து, எமக்கு ஒரு கட்டி தூரத்தில் நின்றார்.

“இந்த முறை நீ முதல் ஏறு” என்றார்.

ஏறினோம். நாலாவது தட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவரைக் காணவில்லை. விளிம்பில் அகப்பட்டு உயிர் இழந்திருந்தார். இப்போது பையனிடம் கருவியை நீட்டி, “பின்னால ஓட்டு, பின்னால ஓட்டு” என்று சத்தமிட்டவர்கள் நாமே.