அழும்போது பார், தூங்கும்போதும் பார்

மருத்துவமாது வேலைக்கு வரும் தங்கச்சிமாருக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்: பச்சைப்பிள்ளையின் உடம்பில் கட்டியைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். தோட்டத்து லயத்தில் கண்ணுக்கு முன்னே கைதான் நீளும். பிறந்த சில நாளில் பிள்ளைக்கு மார்பு வீங்கும், பாலும் கசியும். தாயின் ஹோமோன் செய்கிற வேலை, ஆண்பிள்ளைக்கும் வரும். பிதுக்கினால்தான் சீழ் வைக்கும், விட்டால் தானே வற்றும்.

எனக்குத் தொழில் பழக்கிய மிஸி டோர்ச் பிடிக்கும் விதமே தனி. கண்ணில் அடிக்காமல், கட்டியின் பக்கத்தில் ஒட்டிப் பிடிப்பார். உள்ளே நீர் என்றால் சிவந்து ஒளிரும், சதை என்றால் இருட்டாகவே நிற்கும். பிறகு பிள்ளை அழும்வரை காத்திருப்பார். மூக்கின் வேரில் உள்ள கட்டி அழுகையில் புடைத்தால், மண்டைக்குள் இருந்து இறங்கியதாக இருக்கலாம். புடைக்காவிட்டாலும் நம்ப முடியாது. சிலவற்றுக்கு மண்டைக்குள் காம்பு ஓடும். ஸ்கேன் பார்க்குமுன் ஊசி குத்தவே கூடாது.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளை. மேல் ஈற்றின் முன்பக்கம், நெல்லிக்காய் அளவில், வழவழவென்று இளஞ்சிவப்பாய்த் தொங்கியது. வாய் மூடவில்லை, முலையைக் கவ்வ முடியவில்லை. அப்பாயி கட்டிவிட நூலோடு நின்றார். "அப்பாயி, அதை இப்படிக் குடுங்க" என்று வாங்கிச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டேன். தாயின் பாலைக் கறந்து, சின்னக் கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தோம். ஊற்றக் கூடாது, பிள்ளை நக்கிக் குடிக்கும், பொறுமைதான் வேண்டும்.

தோட்டத்து லொறியில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிறவி எப்யூலிஸ், அதாவது ஈற்றில் பிறவியிலேயே வரும் கட்டி என்றார்கள். 1871இல் நியூமன் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்தது. பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கே வரும். பிறந்தபின் வளராது, சின்னதாக இருந்தால் சுருங்கியும் போகும். ஆனால் பார்வைக்கு இரத்தக்குழாய்க் கட்டி, புற்றுக்கட்டி எல்லாமே இப்படித்தான் இருக்கும். வெட்டிய துண்டை ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் உறுதி.

அதனால் பிள்ளையின் கார்டில் வெறுமனே "கட்டி" என்று எழுதாதீர்கள். எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர், என்ன நிறம், துடிக்கிறதா, அழும்போது மாறுகிறதா என்று எழுதித் திகதி போடுங்கள். அடுத்த கையில் அதுதான் பேசும்.

ஸ்பிரிங்வெளிப் பிள்ளைக்கு வெட்டியபின் அந்தக் கட்டி திரும்பி வரவில்லை; வருவதுமில்லை. தாய் கேட்டது இரண்டே கேள்விதான். அடுத்த பிள்ளைக்கும் வருமா? இது வம்சத்தில் ஓடுகிற சங்கதியில்லை என்றேன். பல் முளைக்குமா மிஸி? முளைக்கும் என்றேன். முளைத்தது.