சாக்கு கட்டிய குழாய்

ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்தால் எல்லோர் கண்ணும் கம்ப்ரசர் மேல் போகும். நான் முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பேன். சேஃப்டி வால்வின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று தெரிய வேண்டும்.

கடற்கரை ஊர் ஒன்றில் அப்படிப் பார்த்தபோது குழாய் வாயில் சிமெண்டுச் சாக்கு கட்டியிருந்தது. "மழைத் தண்ணி இறங்குது அண்ணே" என்றார் ஆபரேட்டர். ஏணி போட்டு ஏறி அவிழ்த்தேன். உள்ளே குளவிக்கூடு.

மீனுக்கு ஐஸ் அடிக்கும் இடங்களில் ஓடுவது பெரும்பாலும் அமோனியா. குளிர்ச்சிக்கு அதை மிஞ்ச ஆளில்லை, ஓசோனையும் கெடுக்காது. ஆனால் செம்பு, பித்தளையை அரித்துவிடும். காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு கலந்தாலே உயிருக்கு ஆபத்து. மெஷினை ஃபவுண்டேஷனில் உட்கார்த்துவது பாதி வேலைதான். பிரஷர் எகிறும் நாளில் வாயு எந்த வழியாகப் போகும் என்று இன்றைக்கே முடிவு செய்வது மறுபாதி.

திரவ அமோனியா தேங்கும் தொட்டியான ரிசீவர் மேல் இரண்டு சேஃப்டி வால்வு. அடியில் ஒரு மூன்று வழி வால்வு. ஒன்றைக் கழற்றினால் மற்றது காவல் நிற்கும், இரண்டும் ஒருசேர அடைபடாது. குழாய் முனை தரையிலிருந்து 15 அடிக்குக் குறையாமல், கதவு ஜன்னலுக்கு 20 அடி தள்ளி, வானம் பார்த்து நிற்க வேண்டும். அமோனியா ஆவி காற்றைவிட லேசு, மேலே போய்விடும். திரவமாகச் சிதறினால்தான் வம்பு: குளிர்ந்த மூட்டமாகத் தரையோடு தவழும். மழைக்கு மருந்து மூடியல்ல; குழாயின் அடிவளைவில் தண்ணீர் இறங்க ஒரு வடிகால்.

கண்டென்சரில் சேர்ந்த காற்றை எடுப்பதிலும் இதே நிதானம் வேண்டும். ஹோஸ் நுனியை வாளித் தண்ணீரில் அமுக்கி, வால்வை நூலளவு திறப்பேன். காற்றென்றால் குமிழ் மேலே வந்து உடையும். அமோனியா வரத் தொடங்கினால் குமிழ் பாதியிலேயே கரையும். சடசடவென்று பொரியும் சத்தம்தான் கேட்கும், வாளி கையில் சுடும். உடனே வால்வை அடைத்து ஹோஸை வெளியே எடுக்க வேண்டும். தாமதித்தால் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

புது வேலைக்குப் போனால் டிராயிங்கை விரிக்கும் முன் பக்கத்தில் வலை பின்னுகிறவரிடம் காற்றைக் கேட்பேன். "விடியக்காலம் கரைக்காத்து தம்பி, மத்தியானத்துக்கு மேல கடக்காத்து" என்பார். இரண்டு காற்றிலும் குடியிருப்புப் பக்கம் விழாத மூலையைத் தேடியே குழாயை நிறுத்துவேன்.

அன்று அவிழ்த்த சாக்கை வீசிவிடவில்லை. ஒரு கீற்றாகக் கிழித்துக் கூரை உச்சியில் கம்பு நட்டுக் கட்டினேன். அமோனியா வாடை அடித்தால் எந்தப் பக்கம் ஓடக்கூடாது என்று அதைப் பார்த்தால் தெரியும். ஆபரேட்டரை அழைத்துக் காட்டினேன். அது அப்போது கடலுக்கு எதிர்ப்பக்கமாக, ஊரைப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது.