பாலாடைக்கட்டி ஈயத்தில் வார்த்த எழுத்து



சென்ற ஆண்டு நமது உபவாச ஜெபக் கூட்டத்திற்காக முகையூர் கடைவீதியில் கட்டிய பிளக்ஸ் பேனரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பின்னணியில் எரியும் நெருப்பு, பொன்னிறத்தில் மின்னும் எழுத்துகள், நடுவில் ஆளுயரத்திற்கு என் படம். இப்போது எல்லாச் சபைகளும் இப்படித்தான் போடுகின்றன என்று வாலிபத் தம்பிகள் கூறினார்கள். அதற்கு இசைந்தவன் நானே. அந்தப் படத்தைக் கண்டபோது என் உள்ளத்தில் ஒரு மகிழ்ச்சி உண்டானதையும் மறைப்பதற்கில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை, பக்கத்துக் கிராமத்திலிருந்து வயது முதிர்ந்த தாயார் ஒருவர் துணிப்பையோடு ஆலய வாசலில் வந்து நின்றார். “கூட்டம் இன்னிக்குத்தானுங்களே ஐயா?” என்றார். பேத்தி பேனரைப் படித்துச் சொன்னாளாம். நான் போய்ப் பார்த்தேன். தேதியும் நேரமும் என் காலடியில், நெருப்புச் சுவாலைக்குள், சிவப்பின் மேல் சிவப்பாக இருந்தன. அருகே சென்று கண்ணைச் சுருக்கிய பின்னரே எனக்கும் புலப்பட்டது. அவருக்காகத் தனியே ஜெபித்துப் பேருந்தேற்றி அனுப்பினேன். அவர் ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தில்தான் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் வரலாற்றை மீண்டும் வாசித்தேன். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்திருந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் கப்பலில் வந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை. காகிதமோ கடல் கடந்து வரவேண்டிய அரும்பொருள். அவ்வெழுத்திலேயே அச்சிட்டால் புதிய ஏற்பாடு முழுமைக்கும் காகிதம் போதாது. ஆகவே எழுத்து வார்ப்பவரான ஆட்லர், தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார். ஈயத்திற்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து அன்பளிப்பாக வந்த பாலாடைக்கட்டியை மூடியிருந்த ஈயத்தை உருக்கினார்களாம்! 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் வெளிவந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையடைந்தது.

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழின் சுழிகளும் வளைவுகளும் சிதையாமல் எழுத்தைச் சிறிதாக வார்ப்பதும் வடிவமைப்பே. பெரிதாக வார்ப்பதைக் காட்டிலும் கடினமானது. என்னை உறுத்தியது வேறொன்று. அங்கும் எழுத்து சிறியது, என் பேனரிலும் எழுத்து சிறியது. அவர்கள் வார்த்தை முழுவதும் மக்கள் கையில் சேரவேண்டும் என்பதற்காக எழுத்தைச் சிறிதாக்கினார்கள். நான் என் முகத்திற்கு இடம் வேண்டும் என்பதற்காகச் சிறிதாக்கினேன்.

இந்த ஆண்டு பேனர் இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் நோட்டீஸ் அடிக்கிறோம். தேதியும் நேரமும் இடமும்தான் அதில் பெரியவை. வாலிபத் தம்பிகளுக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு; இது பழைய காலத்துச் சாவு நோட்டீஸ் போல இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார். அச்சுக்குக் கொடுக்குமுன் மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு அந்தத் தாயார் வீட்டிற்குச் சென்றேன். பேத்தி திண்ணையில் இருந்தபடியே தடங்கலின்றி வாசித்தாள். தாயார் முழுவதையும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிங்க ஐயா. கூட்டம் முடிஞ்சா கடைசி பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு போடலியே?” என்றார்.

அதையும் சேர்த்திருக்கிறோம்.