புல்லட்டைத் தாங்கும், வெயிலைத் தாங்காது

உங்க ஊர் ரோட்டோரமா பள்ளம் தோண்டி இன்டர்நெட் கேபிள் புதைச்சப்போ, வெட்டிப் போட்ட துண்டை எடுத்துப் பிரிச்சுப் பார்த்திருக்கீங்களா? பல கேபிள்களில் கறுப்பு உறைக்குள்ளே மஞ்சளா, பட்டு மாதிரி ஒரு நூல் இருக்கும். சாதா கத்தரிக்கோலால் வெட்டினால் நழுவும், மடங்கும், லேசில் அறுபடாது. அதுதான் அராமிட். நமக்கெல்லாம் தெரிஞ்ச கெவ்லார் அந்த வகையில் ஒரு பிராண்ட். கேபிளை இழுக்கும்போது உள்ளே இருக்கும் கண்ணாடி இழை உடையாமல், இழுவிசையை இந்த நூல்தான் வாங்கிக்கொள்கிறது.

எனக்கு ஊர் செஞ்சி பக்கத்துல வல்லம். மூணாம் வருஷம் முடிஞ்ச லீவுல அப்படிச் சில நீளத் துண்டுகள் கிடைச்சுது. நூலை உருவி, முறுக்கி, கயிறு ஆக்கினேன். களத்துல மூட்டை அடுக்குற இடத்துக்கு மேல தார்ப்பாய் கட்ட அப்பாகிட்ட கொடுத்தேன். "அதே எடை ஸ்டீலை விட அஞ்சு மடங்கு பலம்பா" என்றேன். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "வெயில் தாங்குமாடா?"

"புல்லட்டே தாங்கும்பா!"

ஐப்பசியில் ஒரு ராத்திரி, காத்தோட மழை. கயிறு அறுந்து தார்ப்பாய் பறந்துடுச்சு. அடியில் இருந்த ஒன்பது மூட்டை மல்லாட்டை நனைஞ்சுது. மறுபடி காய வெச்சு செஞ்சி கமிட்டிக்குக் கொண்டு போனாலும், கறுத்த காய்க்கு மத்த மூட்டையோட விலை எப்படிக் கிடைக்கும்? அப்பா என்னைத் திட்டலை. அறுந்த துண்டை மட்டும் கையில் கொடுத்தார். மஞ்சள் போய் பழுப்பாகி இருந்துச்சு. முடிச்சுப் பக்கத்துல கையாலேயே பிய்க்க முடிஞ்சுது.

ஹாஸ்டலுக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 1965-இல் டூபான்ட் கம்பெனியில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர், டயருக்கு எடை குறைந்த, உறுதியான இழை தேடிக்கொண்டிருந்தபோது வந்த கண்டுபிடிப்பு இது. அவருக்குக் கிடைத்த பாலிமர் கரைசல் கலங்கலாக, தண்ணி மாதிரி இருந்ததாம். வேறு யாராக இருந்தாலும் கீழே ஊற்றியிருப்பார்கள். அவர் அதை நூலாக இழுக்க வைத்தார். கரைசலிலேயே மூலக்கூறுகள் விறைப்பான குச்சிகள் போல ஒரே திசையில் வரிசையாக நின்றன. அந்த வரிசைதான் பலம். ஆனால் அந்த மூலக்கூறு புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும், அதில் சங்கிலி அறுபடும். மெல்லிய நூல் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் பலம் நிறையவே குறையும். முடிச்சுப் போட்டால் இன்னும் குறையும்.

அப்போ ஜாக்கெட் எப்படித் தாங்குது? அராமிட் அடுக்குகளை வெளிச்சமும் ஈரமும் படாத உறைக்குள் வைத்துத்தான் தைக்கிறார்கள். கேபிளில் அந்த வேலையைச் செய்தது கறுப்பு உறை. நான் முதல் வேலையா அதைத்தான் உரிச்சுப் போட்டேன்!

மத்த இழைகளும் இப்படித்தான். உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் குடும்பத்தில் மூலக்கூறு மிக நீளமான இழை ஒன்று உண்டு. தண்ணீரில் மிதக்கும், கப்பலையே கட்டி இழுக்கும். ஆனால் சுமார் 150 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். கார்பன் இழை விறைப்பானது, லேசானது. நீளமான காற்றாலை இறக்கைகளின் முதுகெலும்பு அது. ஆனால் அடிபட்டால் வளையாது, உடையும். ஆயுள் முடிந்த இறக்கையிலிருந்து இழையைப் பிசினிலிருந்து பிரித்தெடுப்பதும் இன்னும் பெரிய தலைவலி.

மத்திய அரசு 2020-இல் 1,480 கோடி ரூபாயில் தேசிய தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தை அறிவித்தது. கோவையில் சிட்ராவும் பிஎஸ்ஜியும் இந்தத் துறையில் வேலை செய்கின்றன. நமக்கு வேலைவாய்ப்பு இருக்கிற இடம் இது. இன்னும் பலமான இழை மட்டும் அங்கே போதாது. வெயில், ஈரம், உரசலில் எத்தனை வருஷம் தாங்கும், அப்புறம் அதை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கும் பதில் சொல்ல ஆள் வேணும்.

அப்பா இப்போ சாதா நைலான் கயிறு கட்டியிருக்கார். அதுவும் வெயில்ல நைஞ்சுதான் போகும். ஆனா எப்போ மாத்தணும்னு அவருக்குத் தெரியும்.

என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டும் இதுதான். பாதி நூல் ஹாஸ்டல் மொட்டை மாடியில், பாதி அலமாரி இருட்டில். மாசம் ஒரு தடவை லேபில் இழுத்துப் பார்க்கிறேன். மாடிக்குத் துணி காயப்போட வர்றவங்க, அந்த மஞ்சள் நூல்ல மட்டும் தயவுசெய்து கை வைக்காதீங்க.