காலில் ஒரு முகவரி

ஆவடி அருகே பருத்திப்பட்டு ஏரியில் படகில் போகும் குழந்தைகள், நாமக்கோழியையும் நீர்க்காகத்தையும் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதெல்லாம் எங்கிருந்துப்பா வந்துச்சு?" சில அப்பாக்கள் "ஆஸ்திரேலியா" என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்கள்!

சரியான பதிலைக் கண்டுபிடிக்க உதவுவது, பறவையின் காலில் மாட்டும் ஒரு சின்ன வளையம். டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர் மார்ட்டென்சன், 1899-ல் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனப் பறவைகளுக்கு மாட்டி இதைத் தொடங்கிவைத்தார்.

ஐரோப்பாவில் நீர்ப்பறவைக் குஞ்சுகளுக்கு வளையம் மாட்ட, ஆய்வாளர்கள் படகில் தீவுகளுக்குப் போகிறார்கள். நாள் பார்த்துப் போவது முக்கியம். முன்பே போனால் குஞ்சின் கால் சிறிதாக இருக்கும், வளையம் நழுவிவிடும். தாமதித்தால் பயந்துபோன குஞ்சு, பறக்கத் தெரியும் முன்பே கூட்டைவிட்டுக் குதித்துவிடும். அதிக நேரம் நின்றாலும் ஆபத்து. தாய் விலகிய கூட்டில் வெயில் சுடும், காகம் புகும். அதனால் சில நிமிடங்களில் வேலையை முடித்துக்கொண்டு படகு திரும்பிவிட வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? குஞ்சிலேயே வளையம் மாட்டினால்தான் அது பிறந்த இடமும் ஆண்டும் உறுதியாகத் தெரியும். பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956-ல் வளையம் மாட்டப்பட்ட 'விஸ்டம்' என்ற ஆல்பட்ராஸ், 2024-லும் முட்டையிட்டது. ஆனால், வளையம் மாட்டியபோதே அது வளர்ந்த பறவை. அதனால் அதன் சரியான வயது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927-லேயே வளையமிடத் தொடங்கியது. வலசைப் பறவைகள் நோய்க்கிருமியைச் சுமந்து வருகின்றனவா என்று அறிய, 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு சாலிம் அலி பெரிய அளவில் ஆய்வு நடத்தினார். நம் கோடியக்கரையிலும் பல ஆண்டுகளாக இந்தப் பணி நடந்திருக்கிறது. வனத்துறை அனுமதியும் பயிற்சியும் பெற்றவர்களே இதைச் செய்யலாம்.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது. வளையம் மாட்டிய பறவை மீண்டும் கண்ணில் பட்டு, யாராவது தகவல் சொன்னால்தான் அத்தனை உழைப்புக்கும் பலன். ஏரிக்கரையில் அப்படி ஒரு பறவையைப் பார்த்தால் விரட்டிப் பிடிக்க வேண்டாம். வளையத்தைக் கழற்றவும் கூடாது. தள்ளி நின்று மொபைலில் படமெடுங்கள். எண், நிறம், இடம், தேதியைக் குறித்து, மும்பையில் உள்ள அந்தக் கழகத்துக்கு எழுதுங்கள். எங்கோ ஒருவர் படகில் போய் எழுதிவைத்த கேள்விக்கு, உங்கள் படம் பதிலாக இருக்கலாம்.