ஃபார்ம்ல ஊர்க்காரனுக்கு ஒரு பாக்ஸ்

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் செய்யறதுதான் எங்க லைனில் புதுசா சேர்ற பசங்க கையில் முதலில் கிடைக்கிற வேலை. பெயர், ஈமெயில், பாஸ்வேர்ட் எல்லாம் ரெடிமேடா இருக்கும். 'கஸ்டம்'னு ஆரம்பிச்சாத்தான் தலைவலி. கூடுதலா ஒரு பாக்ஸ் சேர்க்க அஞ்சு நிமிஷம் போதும். அதில் வர்ற பதிலை வெச்சு என்ன செய்யப் போறோம்னு முடிவு பண்ணத்தான் நாள் ஆகும்.

உதாரணம் எங்க மலையிலேயே இருக்கு. ஊட்டி இ-பாஸ்!

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் பதிவு செய்துட்டுத்தான் வரணும். போன் நம்பர், ஓடிபி, வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை நாள்... நிரப்பினால் பாஸ் வந்துடும். அந்த வருஷம் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும்னு பார்க்க ஒரு கணக்கு வேணும், அவ்வளவுதான்.

2025 கோடையில் வரம்பு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000. ஃபார்மில் அதே தேதி பாக்ஸ்தான், ஆனா அர்த்தமே மாறிப்போச்சு. முன்னாடி அது வெறும் தகவல். இப்போ அது சீட்டு, தீர்ந்துட்டா தீர்ந்ததுதான்.

வரம்பு தப்புன்னு சொல்ல மாட்டேன். மே மாசம் குன்னூர் ரோட்டில் மாட்டினவங்களுக்குக் காரணம் தெரியும். என் கவலை வேற.

டிஎன் 43 வண்டிக்கு பாஸ் வேண்டாம். சரி. ஆனா இத்தலாரில் பிறந்து, பெங்களூரில் வேலை பார்த்து, கேஏ நம்பரில் கார் வெச்சிருக்கறவன் யாரு? ஃபார்மைப் பொறுத்தவரை அவனும் படகுச் சவாரிக்கு வர்றவன்தான். லீவுக்கு வர்றதுன்னா முன்கூட்டியே புக் பண்ணலாம். சாவை எப்படி புக் பண்றது? எங்க படகர் ஹட்டிகளில் சாவுன்னா சொந்தக்காரங்க எங்கே இருந்தாலும் வந்தே ஆகணும். பஸ்ஸுக்கு இ-பாஸ் இல்லையேன்னு கேப்பீங்க. நிஜம்தான். ராத்திரி ரெண்டு மணிக்குச் சேதி வந்தா எந்த பஸ்?

2020 கொரோனா இ-பாஸில் காரணம் கேட்டாங்க. கல்யாணம், மருத்துவம், சாவுன்னு. அதே மாதிரி இங்கேயும் 'சொந்த ஊர்'னு ஒரு ஆப்ஷன் வைக்கலாமா? வெச்சா மறுநாளே ஊட்டிக்கு வர்ற எல்லாரும் ஊர்க்காரங்க ஆயிடுவாங்க :-) சலுகை இருக்கிற ஆப்ஷனை யாரும் விட மாட்டாங்க. ஃபார்ம் எழுதறவன் முதல்ல நினைக்க வேண்டியது இதைத்தான்.

எனக்குத் தோணும் வழி இது. வர்றவனைக் கேக்காதீங்க, இங்கே இருக்கறவங்களைக் கேளுங்க. ஃபார்மில் 'யார் வீட்டுக்கு'ன்னு ஒரு பாக்ஸ். அந்த வீட்டின் ரேஷன் கார்டில் உள்ள போனுக்கு ஓடிபி. வண்டிக்காரனுக்கு இல்ல, ஹட்டியில் இருக்கிற அவன் அம்மாவுக்கு. அவங்க நம்பரைச் சொன்னாத்தான் பாஸ். வருஷத்துக்கு வீட்டுக்கு இத்தனைதான்னு ஒரு வரம்பு. யாருக்கும் தெரியாதவன் இதில் நுழைய முடியாது. ஏன்னா ஹட்டியில் யார் யாரோட பிள்ளைன்னு எந்த டேட்டாபேஸை விடவும் பாட்டிகளுக்குத் தெரியும்.

இதுக்கு ஒரு டேபிளும் ஒரு செக்கும்தான் கூட வேணும். அன்னைக்கு எண்ணிக்கை 8000-ஐத் தொட்டாலும் இந்த ஒரு பட்டன் மட்டும் அணையக் கூடாது.