காற்றுக்கு வழி செய்கிறவர்கள்

டெட்ராய்ட்டுக்கு வடக்கே நீளும் உட்வர்ட் அவென்யூவில், ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையன்று கார்கள் ஓடுவதில்லை, ஊர்கின்றன. 1995-இல் தொடங்கிய ‘ட்ரீம் குரூஸ்’ ஊர்வலம் அது. மஸ்டாங், கமாரோ, ஜிடிஓ என்று 1960-களின் முரட்டுக் கார்கள் வெயிலில் வரிசைகட்டும். சூடேறிப்போய், பானெட்டைத் திறந்துபோட்டு ஓரங்கட்டி நிற்பவையும் உண்டு.

அப்படி நிற்க விரும்பாத ஒருவரின் 1969 கமாரோ, அந்தச் சாலையை ஒட்டிய சிறு பட்டறையொன்றில் லிஃப்ட் மேல் ஏறியிருந்தது. நான் போனபோது அதன் பழைய 350 கன அங்குல இன்ஜின் மூலைக்குப் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் இப்போது கார்வெட் வம்சத்து எல்எஸ்3: 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன். பழையதற்கு விளம்பரத்தில் போட்ட கணக்கு 300. (1972-க்கு முந்தைய அமெரிக்க எண்கள், சைலன்சர் போன்ற சுமைகளைக் கழற்றிவிட்டு அளந்தவை. கொஞ்சம் கழித்தே படிக்க வேண்டும்.) பெட்ரோல் எரியும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பழைய ரேடியேட்டர் தாங்காது.

செம்பும் பித்தளையுமாக இருந்ததைக் கழற்றிவிட்டு அலுமினியத்தைப் பொருத்துகிறார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் செம்புதானே கெட்டி? ஆமாம். ஆனால் பித்தளைக் குழாயை அகலமாக்கினால் அழுத்தத்தில் உப்பிவிடும். அதனால் அரை அங்குலக் குழாய்களை மூன்று நான்கு வரிசையாக அடுக்கினார்கள். பின்வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் காற்றே சூடாகிவிடும். துடுப்பையும் குழாயையும் ஒட்டும் ஈயப்பற்று வேறு குறுக்கே நிற்கும். அலுமினியத்தில் ஓர் அங்குலக் குழாய் இரண்டு வரிசை இருந்தால் போதும்.

எல்எஸ் இன்ஜினின் இரண்டு பெரிய ஹோஸ்களும் பயணி பக்கமே வரும். ரேடியேட்டரின் வாய்களும் அந்தப் பக்கமே இருந்தால் ஹோஸை வளைத்து முறுக்கும் வேலை மிச்சம். மூன்றாவதாக ஒரு மெல்லிய குழாயும் உண்டு. சிலிண்டர் ஹெட்டின் உச்சியில் தேங்கும் நீராவியை வெளியேற்ற வேண்டியது அது. சின்னதுதானே என்று அதை அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஹெட்டுக்குள் ஓரிடம் வேகும். மீட்டரோ ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும்.

பட்டறைக்காரர் அதிக நேரம் செலவழித்தது ரேடியேட்டரில் அல்ல, அதன் பின்னால் வரும் உறையில். ஃபேனை நேராக ரேடியேட்டரில் திருகினால் அதன் வட்டத்துக்கு நேரே மட்டும் காற்று இழுக்கும்; மூலைகள் சும்மா கிடக்கும். அலுமினியத் தகடு வெட்டி, மடித்து, சிறிது இடைவெளிவிட்டு உறை கட்டினால் முழுப்பரப்பும் வேலை செய்யும். பக்கவாட்டுச் சந்துகளை ஸ்பாஞ்சால் அடைத்தார், காற்று குறுக்குவழி தேடாமல் இருக்க. உறையில் ரப்பர் மடிப்புகளையும் வைத்தார்: நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது எதிர்க்காற்று அவற்றைத் தள்ளித் திறந்துகொண்டு போய்விடும். அந்த வேகத்தில் ஃபேனே தேவைப்படாது. சிக்கல் எல்லாம் உட்வர்டின் ஊரும் நடையில்தான்; அங்கே எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் காற்றில்லாவிட்டால் வெறும் தண்ணீர்த் தொட்டி. மூன்று வரிசை வேண்டும் என்று உரிமையாளர் கேட்டதை அவர் மறுத்ததும் இதனால்தான். என் பார்வையில் அவர் பக்கமே நியாயம்.

அடுத்தது மின்சாரம். இரண்டு ஃபேன்களும் சேர்ந்து 40 ஆம்பியர் வரை இழுக்கலாம். புது ஆல்டர்னேட்டருக்கு அது பெரிதல்ல. 1969-இன் மெல்லிய வயர்களுக்குப் பெரிது. எனவே தனி ரிலே, தனி ஃப்யூஸ், தடித்த வயர்.

மிச்சிகன் குளிரை எண்ணி, கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியாக, காரின் மூக்கைத் தூக்கி வைத்து ஊற்றினார்கள். மூடி குக்கர் வெயிட் மாதிரிதான்: 15 பிஎஸ்ஐ அழுத்தம், கொதிநிலையைச் சுமார் 25 டிகிரி செல்சியஸ் உயர்த்திவிடும்.

சோதனை ஓட்டம் ஏசியைப் போட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று. அடுத்த லிஃப்டில் 1966 மஸ்டாங் ஒன்று காத்திருக்கிறது. அதன் முன்புறம் ஒடுக்கம். அகலமான ரேடியேட்டர் வேண்டுமானால் தகரத்தை வெட்டியாக வேண்டும். அதன் உரிமையாளர் இன்னும் சம்மதிக்கவில்லை.